மாரிபோசா தோப்பு குளிரில் மூடப்படுவதில்லை

“டிசம்பர் முதல் மாரிபோசா தோப்பை மூடிவிடுவார்கள், கோடையில் போனால்தான் கார் நுழையும் மரத்தைப் பார்க்கலாம்” என்று, கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கிற இந்த ராட்சத செக்வோயா மரத் தோப்பைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

யோசெமிட்டியில் பனிக்காலத்தில் மூடுவது தோப்புக்குப் போகும் சாலையை மட்டும்தான், அதுவும் வண்டிகளுக்கு. ஷட்டில் பஸ் ஓடாது, அவ்வளவே. கீழே வரவேற்பு வளாகத்தில் காரை நிறுத்திவிட்டு அதே சாலையில் சுமார் 3 கிலோமீட்டர் மேலே நடந்தால் தோப்பு வந்துவிடும். ஏற்றம்தான், பனி ஆழமாக இருந்தால் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அகலச் சட்டம்) இல்லாமல் கால் புதைந்து புதைந்து நேரம் இரட்டிப்பாகும், அதனால் இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி காலையிலேயே கிளம்புங்கள். வண்டியில் டயர் சங்கிலி கட்டாயம் இருக்கட்டும். கூட்டம் இருக்காது, மரங்களின் செம்பழுப்புப் பட்டை வெள்ளைப் பனிக்கு நடுவில் எடுப்பாகத் தெரியும். எனக்கென்னவோ கோடையைவிட இதுதான் பிடிக்கும்.

அப்புறம் அந்தக் கார் நுழையும் மரம். அதன் பெயர் வாவோனா மரம், 1881-இல் அடியில் குடைந்தார்கள், 1969-இல் உச்சியில் சேர்ந்த பனியின் பாரம் தாங்காமல் விழுந்துவிட்டது. இப்போதும் பழைய படத்தைப் போட்டு ஆளைக் கிளப்பிவிடுகிறார்கள்! இன்று அங்கே நிற்பது 1895-இல் குடைந்த கலிஃபோர்னியா டனல் மரம். அதற்குள் நடந்துதான் போக முடியும், கிரிஸ்லி ஜெயன்ட் என்கிற பிரம்மாண்டமான பழைய மரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.