இரண்டு பாரனோவ்ஸ்கிகள்
"உக்ரைனின் முதல் நிதி அமைச்சரான பாரனோவ்ஸ்கி, ரயிலிலேயே உயிரை விட்டார்" என்கிறது உங்கள் கட்டுரை. இரண்டு பேரின் வாழ்க்கையை ஒருவர் தலையில் கட்டிவிட்டீர்கள். 1917 ஜூனில் மத்திய ராதா (உக்ரைனின் அன்றைய பிரதிநிதிகள் மன்றம்) அமைத்த, அமைச்சரவை போன்ற தலைமைச் செயலகத்தில் நிதிப் பொறுப்பேற்றவர் ஹ்ரிஸ்தோஃபோர் பாரனோவ்ஸ்கி. கூட்டுறவு வங்கி நடத்திப் பழகிய கை. அவர் இறந்தது 1941இல், பிரேசிலில். 1919 ஜனவரியில் ஒடெசா அருகே ரயிலில் மாண்டவர், அவருக்கு அடுத்து அதே பொறுப்புக்கு வந்த பொருளியலாளர் மிஹைலோ துகான்-பாரனோவ்ஸ்கி. இவரும் கூட்டுறவுக்காரரே என்பதால் குழப்பம் வருவது இயல்புதான், ஆனால் முன்பெயரையாவது பார்த்திருக்கலாம். "நாட்டின் முதல் நோட்டை அச்சடித்தவரும் அவரே" என்று மேலே கருத்திட்ட நண்பருக்கு: ஓவியர் நார்புத் வரைந்த 100 கார்போவானெட்ஸ் (அன்றைய உக்ரைன் நாணயம்) நோட்டு 1918 ஜனவரியில்தான் புழக்கத்துக்கு வந்தது; அதற்குள் இருவருமே பதவியில் இல்லை. பழைய நோட்டு சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த நோட்டின் பிரதி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது உக்ரைனின் சின்னமான திரிசூலத்தைவிட என்னை நிறுத்தியது, அதில் உக்ரைனிய மொழியோடு ரஷ்யன், போலிஷ், இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) எழுத்துகளும் இருந்ததுதான்.