ராஜி பேசும்போது அந்தக் குழந்தையைக் கேட்டீர்களா?

இரண்டு நாளாக நம் சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிற, ஒரு குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை வழக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஊர், தெரு, பெயர் எதையும் எழுத மாட்டேன். கமெண்டில் நீங்களும் எழுதாதீர்கள், பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள், பணம் கைமாறியது, அப்புறம் குடும்பமே கூண்டில் ஏறி "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலை. சரி, இதுவும் ஒன்று என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தச் செய்திக்குக் கீழே "சுமுகமா முடிஞ்சது, ரெண்டு குடும்பமும் பிழைச்சது" என்று கும்பிடு போட்டிருக்கிறார்கள், அதில் நான் மதிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

யாருக்கும் யாருக்கும் ராஜி? அந்தப் பேச்சுவார்த்தையில் பெரியப்பா இருந்தார், மாமா இருந்தார், ஊர்ப் பெரியவர் இருந்தார். யாருக்கு அது நடந்ததோ அந்தப் பிள்ளையை யாராவது கேட்டார்களா?

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற சட்டம். அந்த வழக்கில் ராஜி என்கிற பேச்சுக்கே இடமில்லை. செக் கேஸை, சாதாரண அடிதடி கேஸை இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது, இதில் வைக்கவில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ராஜஸ்தானில் ஒரு ஆசிரியர் மீது வழக்கு, மாணவியின் அப்பாவே சமரசத்துக்கு ஒத்துக்கொண்டார், அதை வைத்து உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்த ரத்து செல்லாது, வழக்கு நடக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. டெல்லி வரை அதைக் கொண்டுபோனவர்கள் குடும்பத்தார் இல்லை, வெளியாட்கள். "உங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை" என்று என்னிடம் கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் வழி இல்லாததால்தான் ராஜி கோர்ட்டுக்கு வெளியே நடக்கிறது. உள்ளே அது பிறழ் சாட்சி என்ற பெயரில் வருகிறது. அம்மா மாற்றிச் சொல்வார், பாட்டி மாற்றிச் சொல்வார், கடைசியில் பிள்ளையும் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். சாட்சியம் இல்லாமல் நீதிபதி எதை வைத்துத் தண்டிப்பார்? தீர்ப்பில் "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்று இருக்கும், ஊரில் அது "ஒண்ணுமே நடக்கல" என்று ஆகிவிடும்.

இந்த ராஜிக்கு நேரம் கொடுப்பதே வாய்தாதான். வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொண்டதிலிருந்து 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது போக்சோ 35-வது பிரிவு. எத்தனை வழக்கில் அப்படி நடக்கிறது? ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் கூலிக்குப் போகிற ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து, மதியம் வரை காத்திருந்து, தேதி தள்ளிப்போச்சு என்று கேட்டுவிட்டு மறுபடி மலை ஏற வேண்டும். எதிரி பெரும்பாலும் தெரிந்த ஆள், சொந்தக்காரர் அல்லது வேலை கொடுப்பவர். அவர் தரப்பிலிருந்து ஆள் வந்து "எதுக்கும்மா இப்படி அலையிற" என்று கேட்டால் அந்த அம்மா என்ன செய்வார்? அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கோபமெல்லாம் கும்பிடு போட்ட நம் மேல்தான்.

"திரும்பத் திரும்பக் கோர்ட்டில் நிறுத்தினால் பிள்ளை மனசு கெட்டுவிடும், அதனால்தான் ராஜி" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமாகத் தெரியும். ஆனால் அதற்குத்தானே சட்டத்தில் இத்தனை ஏற்பாடு? சாட்சி சொல்லும்போது எதிரி பிள்ளையின் கண்ணில் படக் கூடாது, திரையோ வீடியோவோ வைக்கலாம். வக்கீல் நேராகப் பிள்ளையைக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. பிள்ளை மேல் அக்கறை இருந்தால் இதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். வாயை அடைத்துவிட்டு அதற்கு அக்கறை என்று பெயர் வைக்காதீர்கள்.

"காதலிக்கிற பையன்களை எல்லாம் போக்சோவில் உள்ளே தள்ளுகிறார்கள்" என்பது அடுத்தது. அது உண்மையான பிரச்சினைதான், சென்னை உயர் நீதிமன்றமே பேசியிருக்கிறது. ஆனால் இங்கே நடந்தது அது இல்லை, உங்களுக்கும் தெரியும். "பொய்க் கேஸ்" என்பவர்களுக்கு, பொய்ப் புகார் கொடுக்கிற பெரியவர்களுக்கு அதே சட்டத்தில் 22-வது பிரிவில் தண்டனை இருக்கிறது. பொய் என்று நம்பினால் அதைக் கோர்ட்டில் நிரூபியுங்கள், எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள்?

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு பையன், மூன்றாம் வகுப்பு இருக்கும். காலையில் அவனை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள், இரவுதான் திறப்பார்கள். ஜன்னல் வழியாகச் சாப்பாடு கேட்பான், முதுகில் பெல்ட் தடம். நான் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தேன். குழந்தைகள் நலக் குழு அவனைப் பாட்டியிடம் ஒப்படைத்தது. அந்தக் குழு யாரையும் தண்டிக்காது, குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும்தான் முடிவு செய்யும். குற்ற வழக்கு தனியாகக் கோர்ட்டில் நடக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டம் 75-வது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். என்ன ஆயிற்று? சித்தப்பாமார் வந்தார்கள், பையன் "மாடிப்படியில் விழுந்தேன்" என்றான், வழக்கு போயிற்று. தெருவில் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். எதிர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. "அப்பன் அடிக்காம வேற யாரு டீச்சர் அடிப்பா" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டவர், நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் அம்மா.

அவன் பசியில் கேட்டது அவர்களுக்கும் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

வீட்டு விஷயம், வீட்டு விஷயம் என்கிறீர்கள். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்கியது எந்த மாவட்டத்தில்? நம் சேலத்தில். அப்போதும் இதே ஊர் அதை வீட்டு விஷயம் என்றுதான் சொன்னது. வம்பை விலைக்கு வாங்குகிறவள் என்று என்னைச் சொல்லுங்கள், பரவாயில்லை. போக்சோவில் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை இருக்கிறது. சொன்னவளைத்தான் நீங்கள் குற்றவாளி போலப் பார்க்கிறீர்கள்.

இந்தப் பதிவைப் படிக்கிற யாருக்காவது இப்போது ராஜிக்கு நெருக்கடி வருகிறதென்றால், சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மிரட்டினால் அதையும் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கூட வருகிறேன்.