எல்லா எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டலா?

“3ஐ விடப் பெரிய எந்த எண்ணையும் இரண்டு வெவ்வேறு பகா எண்களின் கூட்டலாக எழுதலாம், கோல்ட்பாக் நிரூபித்துவிட்டார்.” சிங்கப்பூர்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. (பகா எண் என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், 1ஐ விடப் பெரிய எண்.)

6ஐ எடுங்கள்: 3+3 மட்டுமே வரும், இரண்டும் ஒன்றே. 17 இன்னும் அழகான சான்று. அது ஒற்றை எண் என்பதால், இரண்டு பகா எண்கள் என்றால் ஒன்று 2 ஆகவேண்டும். மீதி 15, அது பகா எண் அல்ல. மூன்று எண்கள் என்றால் 3+3+11, 3+7+7, 5+5+7 என ஏதாவது ஒன்று திரும்ப வருகிறது. நான்கு போட்டால்தான் சரியாகும்: 2+3+5+7. பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், துணைப்பாட வகுப்பே வேண்டாம்!

கணிதவியலாளர் கோல்ட்பாக் 1742இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதியது ஊகம்தான். 2ஐ விடப் பெரிய எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் (இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம்) என்பது இன்றும் நிரூபிக்கப்படவில்லை. எத்தனை பகா எண்கள் என்ற கட்டுப்பாடு இல்லையென்றால், 6ஐத் தாண்டிய எல்லா எண்ணையும் வெவ்வேறு பகா எண்களால் எழுத வழியுண்டு (11 போன்றவை தனியாகவே நிற்கும்). இதைக் கணிதவியலாளர் ஹான்ஸ்-எகான் ரிக்கெர்ட் (Richert) 1949இல் நிரூபித்தார்.