பழக்கம் மட்டுமா காரணம்?
நிறுவனம் சொன்னதைவிட காரின் மைலேஜ் குறைவதற்கு ஓட்டுபவரின் பழக்கமே காரணம் என்று உங்கள் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. நிறுவனங்கள் சொல்லும் மைலேஜ், ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) சோதனையில் கிடைப்பது. அதில் கார் சாலையில் ஓடுவதே இல்லை; கூடத்துக்குள் உருளைமேல் ஓடுகிறது, ஏசி கிடையாது, வேகமும் 90-ஐத் தாண்டாது. ராமநாதபுரம் வெயிலில் ஏசி போடாமல் யாரால் போக முடியும்? அப்புறம் காற்று. ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கும்போது ராமேஸ்வரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மேற்கே திரும்புவது பெரும்பாடு. 80-ல் போகிற காருக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் காற்றுத்தடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். போன ஆடியில் நாலு வாரம், ராமேஸ்வரம் போகும்போதும் வரும்போதும் டேங்கை நிரப்பி அளந்தேன். நிறுவனம் சொன்னது லிட்டருக்கு 20 கிலோமீட்டர். போகும்போது 18, வரும்போது 14. அதே கார், இரண்டு பக்கமும் ஓட்டியது நான்தான்.