கையெழுத்துப் போட்டாயிற்று, கேள்வியை எப்போது கேட்பது?

கொழும்பில் அணுவாயுதம் பற்றிப் பேச்செடுத்தால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். "அரிசி விலையைப் பாருங்கள். அதெல்லாம் பெரிய நாடுகளின் விவகாரம்." சொல்பவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. 2022இல் எரிவாயு சிலிண்டருக்காக வீதியோரம் வரிசையில் நின்ற நகரம் இது. ஆனால் அரிசி விலையைப் பார்ப்பவர்தான் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். அதே 2022இல் வெளியான ஓர் ஆய்வின் கணிப்பு இது: இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுப் போரில் இறங்கினால், எரியும் நகரங்களின் கரிப்புகை வானத்தை மூடும், பல நாடுகளில் விளைச்சல் சரியும், உலகில் 200 கோடிக்கும் அதிகமானோர் பட்டினியால் மடியக்கூடும். கோதுமையையும் பருப்பையும் கப்பலில் இறக்கித் தின்னும் தீவு அந்தக் கணக்கில் எங்கே நிற்கும்?

சின்ன நாட்டுக்கு இதில் வேலையில்லை என்பதும் பிழை. ஏற்கெனவே குண்டு வைத்திருந்த ஐந்து வல்லரசுகளைத் தவிர வேறு நாடுகள் அதைச் செய்யக்கூடாது என்று 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 25 ஆண்டுகளுக்கே செய்யப்பட்டது. அதை நீடிப்பதா, எவ்வளவு காலத்துக்கு என்று முடிவெடுக்க 1995இல் நியூயோர்க்கில் கூடிய மாநாட்டின் தலைவர் எங்கள் இராஜதந்திரி ஜயந்த தனபால. வாக்கெடுப்புக்கு விட்டால் ஒப்பந்தமே பிளந்துவிடும் என்ற நிலையில், வாக்கெடுப்பே இல்லாமல் எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவந்தார். இராஜதந்திரம் படிக்கும் பிள்ளைகள் அந்த மாநாட்டை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

ஆனால் அங்கே எடுத்த முடிவு எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒப்பந்தம் காலவரையின்றி நீடிக்கப்பட்டது. குண்டு இல்லாத நாடுகள் தங்கள் கையிலிருந்த ஒரே பிடியை அன்றோடு கொடுத்துவிட்டன. ஆயுதக் குறைப்புக்கு நேர்மையாகப் பேச்சு நடத்துவதாக ஆறாம் உறுப்புரையில் ஒப்புக்கொண்ட ஐந்து வல்லரசுகளும் கேட்டதைப் பெற்றுக்கொண்டன. இன்னும் 25 ஆண்டுக்கு மட்டும் நீடித்திருந்தால் 2020இல் அவர்களை நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்டிருக்கலாம். தனபாலவைக் குறை சொல்ல மாட்டேன், வாக்குத் தவறியவர்கள் மற்றவர்கள். இந்த ஒப்பந்தத்தை மீளாய்வு செய்யக் கூடிய 2015, 2022 மாநாடுகள் இரண்டும் இணக்க ஆவணம் இல்லாமல் கலைந்தன. அமெரிக்காவும் ரஷ்யாவும் எத்தனை குண்டுகளைத் தயார் நிலையில் வைக்கலாம் என்று வரம்பு கட்டிய கடைசி ஒப்பந்தமும் 2026 பெப்ரவரி 5ஆம் திகதி காலாவதியாகிவிட்டது. உலகில் இருப்பது 12,000க்கும் மேற்பட்ட அணுகுண்டுகள்.

இன்னொரு இலங்கையர், நீதியரசர் வீரமந்திரி. 1996இல் சர்வதேச நீதிமன்றம், ஒரு நாட்டின் இருப்பே கேள்விக்குள்ளாகும் நிலையில் அணுவாயுதம் சட்டபூர்வமா இல்லையா என்று திட்டவட்டமாகச் சொல்லாமல் நழுவியது. அதன் நீதிபதிகளில் ஒருவரான வீரமந்திரி நழுவவில்லை. எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம் என்று நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அதில் இராமாயணத்தையும் எடுத்து வைத்தார்: எதிரியின் குலம் முழுவதையும், ஆயுதம் ஏந்தாதவர்களையும் சேர்த்து அழிக்கும் அஸ்திரத்தை எய்யக்கூடாது என்று இராமன் இலக்குவனைத் தடுத்த இடம். அஸ்திரம் விழவிருந்த பக்கம் இலங்கை என்பதை அவர் எழுதும்போது நினைத்துச் சிரித்திருப்பாரோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

நாங்கள், தமிழர்கள், இதில் கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டும். 1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டை வெடித்துச் சோதித்தபோது, இராமேஸ்வரத்தில் பிறந்த ஒருவருக்கு அதில் பெரும் பங்கு என்பதற்காக இங்கேயும் பெருமைப்பட்டவர்கள் உண்டு. அப்துல் கலாமின் எளிமையை நானும் மதிக்கிறேன். குண்டை மதிக்க முடியாது. அந்த மாதமே பாகிஸ்தானும் வெடித்துக் காட்டியது. ஜூலையில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயும் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீப்பும் சார்க் மாநாட்டுக்காகக் கொழும்புக்கே வந்து சந்தித்தார்கள், பயன் எதுவும் இல்லை.

அணுவாயுதத்தையே முற்றாக விலக்கி 2017இல் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றிய அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2023 செப்டெம்பரில் சேர்ந்தது. நல்ல காரியம். குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூடச் சேராத ஒப்பந்தத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா சேரவில்லை. ஆனாலும் கண்ணிவெடி வைத்திருப்பது வெட்கக்கேடு என்ற நிலை உலகில் உருவானது. அதன் அருமை வன்னியில் வயலுக்குள் கால்வைக்கப் பயந்தவர்களுக்குத் தெரியும். பின்லாந்து, போலந்து போன்றவை 2025இல் அதிலிருந்து விலகுவதாக அறிவித்ததால், பெற்றதும் கைநழுவக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை.

என் குறை வேறு. அந்த அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தின் 12ஆம் உறுப்புரை, சேராத நாடுகளைச் சேரும்படி ஊக்குவிக்கும் கடமையை எங்கள் மீது சுமத்துகிறது. எங்கள் அமைச்சர்கள் டெல்லிக்கும் பெய்ஜிங்கிற்கும் போய்க் கடனும் முதலீடும் பேசித் திரும்புகிறார்கள். இதைப் பற்றி ஒரு வாக்கியம் பேசியதாக ஒரு செய்தியையும் நான் படித்ததில்லை.

துறைமுகத்தையும் பாருங்கள். 1971இல் இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம். ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை, 55 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. இன்று கொழும்புத் துறைமுகத்துக்குப் பல நாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து போகின்றன. அணுவாயுதம் ஏற்றிய கப்பலுக்கு இடமில்லை என்று நியூசிலாந்து 1987இல் சட்டமே இயற்றியது. நாங்கள் கப்பலின் கப்டனிடம் கேட்கவாவது செய்கிறோமா? தடை ஒப்பந்தம் துறைமுக வருகையை நேரடியாகத் தடுக்கவில்லை என்று அதிகாரிகள் சொல்லலாம். சரி, கேட்பதையும் அது தடுக்கவில்லையே. பாராளுமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால், அவையில் எழுத்து மூலம் ஒரு கேள்வியாகப் போடுங்கள்: உள்ளே வரும் போர்க்கப்பல்களிடம் அணுவாயுதம் இருக்கிறதா என்று கேட்கும் நடைமுறை உண்டா, இல்லையா?