எறும்பு காட்டிக்கொடுத்த ரம்

ரம் என்றால் பல வருடம் எனக்குக் கோலாவில் ஊற்றிக் குடிக்கும் கறுப்புச் சரக்கு, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நண்பன் டியூட்டி ஃப்ரீயில் கரீபியன் பாட்டில் ஒன்று வாங்கிவந்து, எதையும் கலக்காமல் குடி என்றான். வெனிலா வாசத்தோடு, எரிச்சலே இல்லாமல் வழவழவென்று இறங்கியது. இதுதான்டா ரம் என்று ரொம்ப நாள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் ராத்திரி கழுவாமல் விட்ட கிளாஸைக் காலையில் பார்த்தால் உள்ளே எறும்புச் சாரை. தொட்டால் பிசுபிசுப்பு. ரம் காய்ச்சுவது மொலாசஸில், அதாவது கரும்பாலையில் மிஞ்சும் கறுப்புப் பாகில். அதில் உள்ள சர்க்கரை ஊறலில் புளித்துச் சாராயமாகிவிடும், மிச்சம் இருந்தாலும் வாலையிலேயே (சாராயம் வடிக்கும் பாத்திரம்) தங்கிவிடும், ஆவியோடு ஏறி வராது. அப்படியென்றால் வடித்த பிறகு யாரோ கொட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்புச் சேர்த்தாலும் அது ரம்தானாம். நல்ல சட்டம்!

அந்தக் கடுப்பில்தான் பார்பேடோஸின் ஃபோர்ஸ்குவேர் என்ற ரம் ஆலையின் பக்கம் போனேன். அதை நடத்தும் ரிச்சர்ட் சீல் ரம்மில் சர்க்கரை சேர்ப்பதை எதிர்த்துப் பல வருடமாகச் சண்டை போடுகிறவர். முதல் வாய் ஏமாற்றம்தான், வறட்டுச் சுவை. பாட்டில் பாதி ஆவதற்குள் நாக்கு பழகி, பழைய வழவழப்பு இருமல் மருந்து மாதிரி ஆகிவிட்டது.

ஜமைக்கா வேறு ரகம். வடித்தபின் வாலையில் மிஞ்சும் கழிவைக் கொட்டாமல் எடுத்துவைத்து அடுத்த ஊறலில் சேர்ப்பார்கள், அதற்கு டண்டர் என்று பெயர், ஊறலையும் நாள்கணக்கில் விடுவார்கள். அங்குள்ள ஹாம்ப்டன் ஆலையின் பாட்டிலைத் திறந்ததும் அழுகிய அன்னாசியும் வார்னிஷும் சேர்ந்த நெடி. "பெயின்ட் தின்னரா வாங்கிட்டு வந்தீங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. எனக்கு இப்போது அந்த நெடி இல்லாவிட்டால் ரம்மாகவே தோன்றவில்லை. (மார்ட்டினிக்கில் மொலாசஸ் இல்லாமல் கரும்புச் சாற்றிலேயே காய்ச்சுகிறார்கள். பச்சைப் புல் வாசம். எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை.)

ஆனால் மனசு நிற்பது கயானாவில்தான். போர்ட் மோரண்ட் என்று ஒரு கரும்புத் தோட்டம், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் ரோகன் கன்ஹாய் பிறந்த ஊர். அங்கே இருந்த மரத்தாலான வாலை இன்றைக்கும் டெமராரா ஆற்றங்கரை டயமண்ட் ஆலையில் ஓடுகிறது. 1838 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக அந்நாட்டுக் கரும்புக் காடுகளுக்கு இந்தியர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்தும்தான். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் அங்கே இன்னமும் இருக்கிறாள். இனிப்புச் சேர்க்காத போர்ட் மோரண்டில் சோம்பும் அதிமதுரமும் மணக்கும். அந்த மணம் மூக்கில் ஏறும்போது, அந்தக் கரும்பை வெட்டியவர்களில் நம் ஊர்க்காரன் எத்தனை பேர் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அந்தப் பாட்டிலில் இப்போது கால்வாசிதான் மிச்சம். வீட்டுக்கு வந்து கோலா கேட்கிறவர்களுக்கு டியூட்டி ஃப்ரீ சரக்குதான்.