மன்றோ சிலைக்குப் பக்கத்துல கிட்டியையும் பேசுவோம்

சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல உக்காந்திருக்குற, அந்தக் கால மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவ பத்தி இந்த வாரமும் ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. சேணம் வைக்க மறந்துட்டோமேன்னு சிற்பி தற்கொலை பண்ணிக்கிட்டாராம். சுத்தப் பொய். செஞ்சவர் பிரான்சிஸ் சான்ட்ரி, சிலை இங்க வந்து நின்னது 1839ல, அவர் இறந்தது 1841ல, அதுவும் தற்கொலை இல்ல. சேணத்த பத்தி இவ்வளவு பேசுற நாம, மன்றோ எங்க தர்மபுரியில என்ன பண்ணாருன்னு பேசுறதே இல்லையேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். நான் அந்த மண்ணுல விவசாயக் குடும்பத்துல பொறந்தவன்.

மன்றோ ஸ்காட்லாந்துல கிளாஸ்கோக்காரர். 1780ல 18 வயசுல கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துல சேர்ந்து மெட்ராஸ் வந்தாரு, வந்த வருஷமே ஹைதர் அலியோட சண்டை. 1792ல பாராமகால், அதாவது எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம், திப்பு கிட்ட இருந்து கம்பெனி கைக்கு வந்ததும், சிவிலியன் அதிகாரிங்களுக்கு ஊர் பாஷை தெரியலன்னு கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பட்டாளத்து ஆளுங்களையே வரி வசூலுக்குப் போட்டாரு, கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமையில, அதுல ஒருத்தர்தான் மன்றோ. ஏழு வருஷம் இங்க சுத்தி சுத்தி நிலத்த அளந்து, நடுவுல ஜமீன் இல்லாம குடியானவன் கூட நேரா கணக்கு வச்சுக்குற முறைய ரீடும் இவரும் உருவாக்குனாங்க. ரயத்துவாரி. இன்னிக்கு எங்கப்பா பீரோவுல வச்சிருக்குற பட்டா அதோட தொடர்ச்சிதான்.

ஜமீன்தார் இல்லாதது நல்லதுதானேன்னு கேப்பீங்க. நல்லதுதான். ஆனா வரி பணமா கட்டணும், மழை பெஞ்சாலும் பெய்யலன்னாலும் நிலத்து மேல ஒரு தொகை எழுதியாச்சு. தள்ளுபடி வேணும்னா அதிகாரி மனசு வைக்கணும். எங்க வானம் பாத்த பூமியில அது எப்படி இருந்திருக்கும்னு கடலையும் ராகியும் போட்டவங்களுக்குத் தெரியும்.

இது அவருக்கும் தெரிஞ்சிருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. 1800ல நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பா பக்கம் ஏழு வருஷம் கலெக்டரா இருந்துட்டு 1807ல கிளம்புறப்ப, தீர்வைய, அதாவது நில வரிய, கால்வாசி குறைச்சாதான் இந்த முறை நிக்கும்னு அவரே எழுதிக் கொடுத்தாரு. கம்பெனி குறைக்கல, அவர் ஊருக்குப் போனதும் கிராமங்கள மொத்தமா குத்தகைக்கு விட்டுச்சு. 1820ல அவரே கவர்னரா வந்தப்புறம்தான் ரயத்துவாரியும் திரும்புச்சு, தீர்வையும் குறைஞ்சுது.

அவர் நல்லவரான்னா, ஆமான்னுதான் சொல்லுவேன். 1822ல மாகாணம் பூரா எத்தனை பள்ளிக்கூடம் இருக்குன்னு கணக்கெடுக்கச் சொன்னாரு, 12,498னு வந்துச்சு, கிட்டத்தட்ட ஆயிரம் பேருக்கு ஒண்ணு. இந்த ஊர் ஆளுங்கள பெரிய உத்தியோகத்துல வைக்காம ஆட்சி பண்றது அவங்கள கீழ தள்ளுறதுன்னு 1824லயே எழுதுனவரு. கடைசியா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி தான் கலெக்டரா இருந்த பழைய ஜில்லாவ ஒருதடவ பாத்துட்டு வரலாம்னு போன எடத்துல, 1827 ஜூலை 6 அன்னிக்கு பத்திகொண்டாவுல காலராவுல செத்தாரு. படிக்கிறப்ப எனக்கே மனசு கனத்துச்சு.

ஆனா அவர் போய் 28 வருஷத்துல, 1855ல, மெட்ராஸ் சர்க்காரே போட்ட ஒரு கமிஷன் அறிக்கை வந்துச்சு. வரி வசூலுக்காக குடியானவங்கள என்னென்ன பண்ணாங்கன்னு அதுல இருக்கு: கிட்டின்னு சொல்ற ரெண்டு கட்டைக்கு நடுவுல விரல வச்சு நெரிக்கிறது, ஆள குனிய வச்சு கயித்துல கட்டி வெயில்ல நிறுத்துறது. வசூல் பண்ணது பூரா கீழ்மட்ட தாசில் சேவகர்கள்தான், மன்றோ அத செய்யச் சொல்லலைங்குறதும் உண்மை. ஆனா ஒவ்வொரு குடியானவன் வாசல் வரைக்கும் சர்க்கார் நேரா வர்ற பாதைய போட்டது அவர் முறைதான், அந்தப் பாதையிலதான் கிட்டியும் வந்துச்சு.

சிலைய எடுன்னு நான் கேக்கல. ஸ்கூல் புக்குல ரயத்துவாரின்னு ரெண்டு வரி வருதுல்ல, அதுக்குக் கீழ அந்த 1855 அறிக்கைய பத்தி ரெண்டு வரி சேருங்க. எங்க ஜில்லா பசங்க படிக்கட்டும்.